கோல் வாங்கினவனுக்குத் தண்ணி கிடையாது

"டீச்சர், எனக்குத் தண்ணி இறங்க மாட்டேங்கு."

ஜெசிந்தா டீச்சர் பந்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். பம்பை விடாமலே கேட்டார்.

"எத்தனை நாளா?"

"மூணு மாசமா."

"மூணு மாசம் தண்ணி குடிக்காத மனுசன் இம்புட்டுத் தூரம் நடந்து வருவானா மாஸ்டர்?"

"ரசஞ்சோறு இறங்குது. நுங்கு இறங்குது. கஞ்சியைக் கரண்டி கரண்டியா விட்டா கொஞ்சம் போகுது. வெறுந்தண்ணி வாய்க்குள்ள போனாப் போதும், தொண்டை கதவைச் சாத்திக்கிடுது. வெளிய கொட்டிருது."

வந்து நின்றவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. புன்னைத்துறை கால்பந்து அணியை இருபத்தேழு வருசமாகப் பழக்குகிற சந்தியாகு மாஸ்டர். அவர் விசில் சத்தம் கேட்டால் கிழிந்த வலையைப் பொத்துகிறவன்கூட எழுந்து நிற்பான் என்று அந்தக் கடற்கரையில் சொல்வார்கள். டீச்சருக்கோ வயது முப்பத்து மூன்று. பக்கத்து ஊரான சங்குமுனையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு, அதுவும் பொம்பளைப் பிள்ளைகளுக்கு, பந்து விளையாடச் சொல்லிக் கொடுக்கிறவர்.

'பாவாடை டீம்' என்று அந்தப் பிள்ளைகளைக் கேலி பேசியவரே இந்த மாஸ்டர்தான். அதே மனுசன் இன்றைக்குச் சட்டை தோளில் தொங்க, உதடு வெடித்து, அவர்கள் மைதானத்திலேயே வந்து நிற்கிறார். பொழுது யாரை எங்கே கொண்டு நிறுத்தும் என்று யார் கண்டது!

"டாக்டர்ட்ட காட்டினியளா?"

"குழாய் விட்டுப் பார்த்தாவ. தொண்டையில ஒண்ணுமில்லன்னுட்டாவ. இப்படியே போனா கிட்னி தாங்காதுன்னும் சொல்லிட்டாவ. கோயில்ல சாமி தீர்த்தம் குடுத்தாவ. பாவி, அதையும் துப்பிட்டேன்."

"எங்கிட்ட எதுக்கு வந்திய?"

"நீங்க யாரையும் தண்ணி குடிக்க வச்சிருவியன்னு பேச்சு."

டீச்சர் பம்பைக் கீழே வைத்தார். பூவரச மரத்தடியில் கிடந்த மேடைத் தராசைக் காட்டினார். மீன் ஏலக்கூடத்தில் சூரையும் சீலாவும் நிறுத்து ஓய்ந்த பழைய தராசு.

"ஏறி நில்லுங்க."

ஏறினார்.

"ஐம்பத்தேழு. முன்ன எம்புட்டு?"

"எழுபத்தொண்ணு."

டீச்சர் பள்ளிக்கூடச் சுவரில் கரித்துண்டால் ஐம்பத்தேழு என்று எழுதினார். கையைத் தட்டிக்கொண்டார்.

"நாளைக்கு மூணரைக்கு வாங்க. தண்ணி வாளி தூக்கணும்."

"டீச்சர், நான் குடிக்கிறதுக்கு வழி கேட்டு வந்தா..."

"மூணரைக்கு."

பம்பை எடுத்துக்கொண்டார்.

*

மறுநாள் மூன்றேகாலுக்கே போய்விட்டார். போகாமல் என்ன செய்வார், சாகிற பயம் யாரை விட்டது.

பதினெட்டுப் பிள்ளைகள். தின்று முடித்த சீனிக்கிழங்கின் தோலும் வாழைப்பழத் தோலும் ஒரு தட்டில் கிடந்தன. பிள்ளைகள் வரிசையாகத் தராசில் ஏறினார்கள். அவரவர் எடையை அவரவரே சுவரில் எழுதினார்கள்.

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது.

"ஓடப் போற பிள்ளைக்குத் தீனி போடுதியளே! வெறும் வயித்துல ஓடுறவன்தான் ஓட்டக்காரன். எங்க மாஸ்டர் சொல்லுவாவ."

"உங்க மாஸ்டர் இப்ப எங்க?"

"செத்துட்டாவ."

"சரி" என்றார் டீச்சர். விசிலை ஊதினார்.

ஆட்டம் தொடங்கியது. மாஸ்டர் கோட்டோரத்தில் வாளியும் சில்வர் டம்ளருமாக நின்றார். பிள்ளைகள் அவரைத் தாண்டி ஓடினார்கள், திரும்பி ஓடினார்கள். கடல்காற்று செத்துக் கிடந்தது. புழுதி முகத்தில் ஒட்டியது. இவர் நட்டுவைத்த கம்பு மாதிரி நின்றார்.

ஆட்டம் முடிந்ததும் டீச்சர் பிள்ளைகளை மறுபடியும் தராசில் ஏற்றினார். முன்னால் எழுதியதற்குப் பக்கத்தில் புது எண்கள் வந்தன. ஒருத்திக்கு அரைக்கிலோ குறைந்திருந்தது. ஒருத்திக்கு முக்கால். கோலில் நிற்கிற டெல்பினுக்குக்கூட அரைக்கிலோ.

"ஒரு கிலோ குறைஞ்சா ஒரு லிட்டர் ஒழுகிப் போச்சுன்னு கணக்கு" என்றார் டீச்சர். "வாளி நிறைய இருக்கு. ஏன் குடுக்கல?"

"யாரும் கேக்கலியே!"

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.

வாளியை வைத்துவிட்டார். கழுத்தில் மாதா உத்தரியக் கயிற்றோடு சேர்ந்து ஒரு சாவி தொங்கிக்கொண்டிருந்தது. கை தானாக அதைப் போய்ப் பிடித்தது.

டீச்சர் அந்தக் கையைப் பார்த்தார்.

"நாளைக்கும் வாங்க."

*

அந்தச் சாவி தண்ணிப் பெட்டிச் சாவி.

புன்னைத்துறை மைதானத்தில் பச்சைப் பெயின்ட் அடித்த தகரப்பெட்டி ஒன்று உண்டு. பயிற்சிக்கு வருகிறவன் முதல் காரியமாகத் தன் தண்ணீர் போத்தலை அதில் போட வேண்டும். மாஸ்டர் பூட்டுவார். ஆட்களை இரண்டாகப் பிரித்து ஆட விடுவார். பாதி ஆட்டத்தில் பெட்டி திறக்கும். கோல் போட்ட பக்கம் குடிக்கும். கோல் வாங்கின பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். அவர்களுக்குச் சாயங்காலம் கடைசி விசில் அடித்த பிறகுதான் தண்ணீர்.

'கோல் வாங்கினவனுக்குத் தண்ணி கிடையாது.' பெட்டி மூடியில் வெள்ளைப் பெயின்டில் எழுதியே வைத்திருந்தார்.

பாழாய்ப்போன இந்தப் பழக்கத்தை இவர் கண்டுபிடிக்கவில்லை. இவருக்கு இவர் மாஸ்டர் செய்தது. அவர் ஒருபடி மேலே போய், தோற்றவர்கள் கண்முன்னே தண்ணீரை மணலில் ஊற்றுவாராம். 'தாகந்தாம்ல பந்தைத் தேட வைக்கும்' என்பாராம். இவரும் அதையே சொன்னார். இருபத்தேழு வருசத்தில் பதினொரு கோப்பை வந்தது. கோப்பை வந்துவிட்டால் எந்தக் கிறுக்குத்தனமும் ஞானமாகத்தானே தெரியும்!

அந்த அணியில் இன்னாசி என்று ஒருவன். இருபத்தொரு வயது. பின்னால் நின்று தடுக்கிறவன். அவனைத் தாண்டிப் பந்து போவது கஷ்டம். மாஸ்டருக்குப் பெற்ற பிள்ளை கிடையாது. இன்னாசியைத்தான் அப்படி நினைத்தார். இதில் பொய் இல்லை.

இன்னாசியின் அம்மா சலேத், உப்பளத்தில் வேலை பார்க்கிறவள். புருசன் கடலில் போனவன் திரும்பவில்லை. ஒரே பிள்ளை. தினமும் பழைய சோற்று நீச்சத்தண்ணியில் உப்புப் போட்டுக் கலக்கிப் போத்தலில் ஊற்றிக் கொடுத்து விடுவாள். அவன் பனியனைத் துவைக்க எடுத்தால் முதுகில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். வேர்வையோடு என்ன போகிறது என்று உப்பளத்துக்காரிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

சித்திரை மாசம், கத்திரி வெயில். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். அதற்கு மூன்று நாளைக்கு முன்னால், மத்தியானம் மூன்று மணிக்குப் பயிற்சி. இன்னாசி கால் வழுக்கி அவன் பக்கம் ஒரு கோல் வாங்கியது.

பாதி ஆட்டத்தில் பெட்டி திறந்தது. அவன் பக்கத்துக்குக் கிடையாது.

பிறகு கோட்டோரம் பந்தெறிய வந்தவன் மாஸ்டரிடம் கேட்டான். மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அவர் மாட்டேன் என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வந்தான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்கப்புறம் இன்னாசி தன் பக்கத்துக் கோலைப் பார்த்தே பந்தை அடித்தான். எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். திசை தெரியாமல்தான் அடித்திருக்கிறான் என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. மூலைக்கொடிப் பக்கத்தில் போய் விழுந்தான். தூக்கும்போது உடம்பு தோசைக்கல்லாகக் கொதித்தது. ஒரு பொட்டு வேர்வை இல்லை.

டவுன் ஆஸ்பத்திரியில் மறுநாள் காலையில் உயிர் போய்விட்டது.

சலேத்திடம் அவன் பையைக் கொடுத்தார்கள். பெட்டியிலிருந்து யாரோ எடுத்துப் போட்ட போத்தல் உள்ளே இருந்தது. மூடி திறக்காமல், கழுத்து வரைக்கும் நீச்சத்தண்ணி. அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலில் எல்லார் முன்னாலும் மாஸ்டரிடம் கேட்டாள்.

"ஏன் மாஸ்டர், அப்படியே இருக்கே? ஏன் எம் பிள்ளை குடிக்கல?"

அப்போது மாஸ்டர் சொன்ன பதில் இது:

"அவன் கேக்கலம்மா. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் குடுக்காம இருப்பேனா?"

வீட்டுக்கு வந்து செம்பை எடுத்தார். தண்ணீர் இறங்கவில்லை. அன்றையிலிருந்துதான்.

*

சங்குமுனையில் மாஸ்டர் தினமும் வாளி தூக்கினார்.

இப்போது யாரும் கேட்கும்வரை நிற்பதில்லை. பந்து வெளியே போனால் டம்ளரோடு ஓடினார். ஒருத்தி ஷூ நாடா கட்டக் குனிந்தால் பக்கத்தில் போய் நின்றார். ஐம்பத்துநாலு வயதில் மூச்சு வாங்கியது.

"ஏட்டி, நம்மளைவிட மாஸ்டர்தான் நல்லா ஓடுதாவ" என்று பிள்ளைகள் சிரித்தார்கள்.

சுவரில் எண்கள் மாறின. முக்கால் கிலோ குறைந்தவளுக்குக் கால் கிலோ குறைந்தது. இன்னும் சிலருக்கு எடை அப்படியே நின்றது. அவர் எடை மட்டும் இறங்கிக்கொண்டே போனது. ஐம்பத்தாறரை. ஐம்பத்தாறு.

ஒருநாள் டெல்பின் காலுக்கு நடுவே பந்தை விட்டுவிட்டாள். கோல். மாஸ்டர் டம்ளரோடு ஓடினார்.

"எனக்கு வேண்டாம் மாஸ்டர்."

"ஏம் தாயி?"

"உங்க ஊர்ல கோல் வாங்கினா தண்ணி கிடையாதாமே!"

அந்தப் பிள்ளை விளையாட்டுக்குத்தான் சொன்னது. பதினாறு வயதுக் குறும்பு. "சனியனே, வாயை மூடுட்டி" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள்.

டம்ளர் மாஸ்டர் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுத்து, வேட்டி முனையில் துடைத்து, மறுபடியும் தண்ணீர் மோந்தார்.

"குடி தாயி. இங்க எல்லாருக்கும் உண்டு."

டெல்பின் குடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதையே மாஸ்டர் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணீர் வந்ததை மறைக்கவும் இல்லை.

பிள்ளைகள் போன பிறகு பூவரச மரத்தடியில் உட்கார்ந்தார். டீச்சர் பக்கத்தில் வந்து பந்துகளை எண்ணி வலைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் ஒரு கதை சொல்லணும் டீச்சர்."

"சொல்லுங்க."

சொன்னார். பெட்டி, பூட்டு, கத்திரி வெயில், வழுக்கின கால், மூலைக்கொடி, ஆஸ்பத்திரி. எல்லாம் சொன்னார்.

"தண்ணி வேணும்னு ஒரு வார்த்தை கேக்கல டீச்சர். நெஞ்சழுத்தக்காரன்."

சொல்லும்போது கை சாவியைப் பிடித்திருந்தது.

டீச்சர் டம்ளரில் தண்ணீர் மோந்து நீட்டினார். "குடிங்க."

வாயில் விட்டார். விக்கி, இருமி, எல்லாம் நெஞ்சில் கொட்டியது.

"நாளைக்கு மறுபடியும் சொல்லுங்க" என்றார் டீச்சர்.

*

மறுநாளும் சொன்னார். கேக்கல என்றார். தண்ணீர் இறங்கவில்லை.

அதற்கு மறுநாளும் சொன்னார். டீச்சர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பந்தெறிய வந்தான்னியளே, அப்ப அவன் முகம் எப்படி இருந்துச்சு?"

"செவந்து கெடந்துச்சு."

"உதடு?"

"காஞ்சு... வெள்ளையா..."

"அவ்வளவு கிட்டத்துல நின்னானா?"

மாஸ்டர் எழுந்து போய்விட்டார். அடுத்த இரண்டு நாள் சங்குமுனைப் பக்கமே வரவில்லை. வீட்டில் கட்டிலில் கிடந்தார். அவர் வீட்டம்மா எலிசா கரண்டியில் கஞ்சியை வைத்துக்கொண்டு கெஞ்சினாள். இப்போது கஞ்சியும் இறங்கவில்லை.

"எனக்காகவாவது ஒரு வாய்" என்றாள் எலிசா. "ஒங்களையும் அள்ளிக் குடுத்துட்டு நான் என்ன செய்வேன்?"

மூன்றாம் நாள் எலிசாவே அவரை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து மைதானத்தில் இறக்கிவிட்டாள்.

டீச்சர் தராசைக் காட்டினார்.

ஐம்பத்துநாலு.

மாஸ்டர் தராசிலிருந்து இறங்கவில்லை. அங்கேயே, அந்தத் தகட்டின் மேலேயே குந்தினார். தலையைக் கையில் தாங்கிக்கொண்டார்.

"கேட்டான் டீச்சர்."

டீச்சர் டம்ளரைக் கையில் எடுத்தார்.

"ரெண்டு தடவை கேட்டான். நான் குடுக்கல. அந்தம்மாட்ட பொய் சொல்லிட்டேன். அவன் கேக்கலன்னு, செத்தவன் மேலயே பழியைப் போட்டுட்டேன். போதுமா? எல்லாத்தையும் சொல்லிட்டேன். தண்ணியக் குடுங்க!"

பிடுங்காத குறையாக டம்ளரை வாங்கினார். அண்ணாந்து ஊற்றிக்கொண்டார்.

இறங்கவில்லை.

அவருக்கு ஆத்திரம் வந்ததே ஒரு ஆத்திரம்! டம்ளரை மரத்தில் வீசி அடித்தார். "சொல்லிட்டேனே! உண்மையைச் சொல்லிட்டேனே! இன்னும் என்னத்துக்கு இறங்க மாட்டேங்கு?"

டீச்சர் போய் டம்ளரை எடுத்தார். நெளிந்திருந்தது. வாளியில் கழுவினார்.

"எங்கிட்ட ஏன் சொல்லுதிய மாஸ்டர்?" என்றார். "அவனை நானா பெத்தேன்?"

*

உப்பளத்துக்குப் போகிற வழி ஒற்றையடி வரப்பு. இரண்டு பக்கமும் பாத்திகளில் தண்ணீர் காய்ந்து வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. பார்த்தால் கண் கூசியது. மாஸ்டர் நான்கு இடத்தில் நின்று, உட்கார்ந்து, எழுந்து போனார். திரும்பிப் போய்விடலாம் என்று ஒவ்வொரு இடத்திலும் நினைத்தார். எப்படியோ போய்ச் சேர்ந்தார்.

சலேத் நீளக் கம்புப் பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். நாலைந்து பெண்கள் தள்ளி நின்று வேலை பார்த்தார்கள். தலையை நிமிர்த்தியவளுக்கு முதலில் ஆள் அடையாளம் தெரியவில்லை.

"யாரு... மாஸ்டரா? ஏசுவே! என்ன இப்படி உருகிப் போயிட்டிய?"

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் அவளே பேசினாள்.

"எம் பிள்ளையை நினைச்சுத்தானே? ஊர்ல சொன்னாவ, மாஸ்டருக்குத் தண்ணி ஆகாரமே இறங்கலன்னு. எனக்கே வந்து பாக்கணும்னுதான். அளத்துல விட மாட்டேங்காவ."

"சலேத்தம்மா..."

"உங்க மேல என்ன தப்பு மாஸ்டர்? நீங்க ஏன் பட்டினி கெடந்து சாவணும்? நான்ல சாவணும்."

பலகையை ஊன்றிக்கொண்டு நின்றாள். அவள் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது.

"அவனுக்கு ஏழு வயசு. அளத்து முதலாளி வீட்டுக்கு ஒரு வேலையாக் கூட்டிட்டுப் போனேன். வெயில்ல நடந்த பிள்ளை, அந்த வீட்டம்மாட்ட 'தண்ணி தாங்க'ன்னு கேட்டுட்டான். அவங்க ஒரு மாதிரிப் பார்த்தாவ. எனக்கு மானம் போயிட்டு. வெளிய இழுத்துட்டு வந்து கன்னத்துல ஒண்ணு வச்சேன். 'செத்தாலும் யார்ட்டயும் தண்ணின்னு கேக்காதல'ன்னேன். செத்தாலும்னு சொன்னேன் மாஸ்டர். இந்த வாயாலதான் சொன்னேன்."

தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

"கேக்காமலே போயிட்டான் பாத்தியளா. சொல்லு மாறாத பிள்ளை. தினமும் பாத்திக்கு வந்து உப்பைப் பாத்தா அதான் ஞாபகம் வருது. நான் கொன்னுட்டேன்."

மூன்று மாசமாக மாஸ்டர் தன் தொண்டையைப் பற்றி மட்டும்தான் கவலைப்பட்டார். தான் சொன்ன அந்த ஒரு பொய் இங்கே வந்து, இந்த வெயிலில், இந்தப் பொம்பளைக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்று அவர் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

"கேட்டான்" என்றார்.

"என்ன?"

"இன்னாசி கேட்டாம்மா. ரெண்டு தடவை கேட்டான். நான் குடுக்கல. கோல் வாங்கினவனுக்குக் கிடையாதுன்னு சொல்லிட்டேன். சாவி என் கழுத்துலதான் கெடந்துச்சு. அவன் கேக்கலன்னு உங்ககிட்ட சொன்னது பொய்."

பலகை பாத்தியில் விழுந்தது.

சலேத் வந்தாள். இரண்டு கையாலும் அவர் நெஞ்சில் அடித்தாள். உப்பில் காய்த்துப்போன கை. அடி ஒவ்வொன்றும் சாவியில் பட்டு அவர் நெஞ்சில் இறங்கியது. அவர் கையைத் தூக்கவில்லை. மற்றப் பெண்கள் ஓடி வந்து, என்ன ஏது என்று தெரியாமல் நின்றுவிட்டார்கள்.

"மூணு மாசம்! பாவி, மூணு மாசம்! எம் பிள்ளையை எஞ்சொல்லுதான் கொன்னுச்சுன்னு நான் ராப்பகலா வெந்து சாகுதேன், நீரு வாயை மூடிட்டு இருந்தீரா? நீரு மனுசனாவே? நீரு மனுசனா?"

கை ஓய்ந்தபோது வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். மாஸ்டர் நின்றுகொண்டே இருந்தார். போகச் சொன்னால் போய்விடுவார். யாரும் போகச் சொல்லவில்லை.

அழுகை அடங்கியதும் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"என்ன சொல்லிக் கேட்டான்?"

"அம்மா, அது எதுக்கு..."

"அவன் சொன்னதை அப்படியே சொல்லும்."

மாஸ்டர் எச்சிலை விழுங்கப் பார்த்தார். விழுங்க எச்சில் இல்லை.

"'மாஸ்டர், அம்மா குடுத்த தண்ணி இருக்கு. ஒரு மடக்கு'ன்னான்."

"அம்மா குடுத்த தண்ணின்னா சொன்னான்?"

"ஆமா."

"ரெண்டாந் தடவை?"

"வாய் வரல. கையை மட்டும் நீட்டினான்."

சலேத் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். வரப்போரம் ஓலை நிழலில் அவள் போத்தல் இருந்தது. மதியத்துக்குக் கொண்டுவந்த நீச்சத்தண்ணி. மூடியைத் திருகிக்கொண்டே வந்தாள்.

மாஸ்டர் கையை நீட்டவில்லை. அவளே அவர் கையைப் பிடித்து இழுத்து, விரலைப் பிரித்து, போத்தலை அதில் வைத்தாள்.

"எனக்கு இறங்காதும்மா."

"குடியும்" என்றாள் சலேத். "நீரு சாகக் கூடாது. நாளைக்கும் வந்து, அவன் கேட்டான்னு எனக்குச் சொல்லணும்."